லோரி லைட்ஃபுட்: ஊழல் வழக்கு நடத்திய வழக்கறிஞர் சிகாகோ மேயரானது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோரி லைட்ஃபுட் யார்?

சிகாகோ மாநகரின் 56ஆவது மேயர். 2019 மே 20 முதல் 2023 மே 15 வரை பதவியில் இருந்தார். அந்நகரின் மேயரான முதல் கறுப்பினப் பெண் இவர்தான். தன்பால் ஈர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன ஒருவர் அங்கே மேயரானதும் அதுவே முதல் முறை. மேயர் தேர்தலுக்கு முன்பு அவர் எந்தத் தேர்தலிலும் நின்று ஜெயித்தவர் இல்லை. 27 லட்சம் பேர் வாழும் நகரத்தை ஆளும் பொறுப்புக்கு நேரடியாக வந்தார்.

பிறந்தது 1962 ஆகஸ்ட் 4, ஓஹியோ மாநிலத்தின் மாசிலான் என்ற சிறிய தொழில் நகரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம், 1989இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பு.

அவர் எந்த வகை அரசு வழக்கறிஞர்? தேர்தலில் ஜெயித்து அந்தப் பதவிக்கு வந்தவரா?

இல்லை. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். சிகாகோவில் குற்ற வழக்குகளை நடத்தும் அலுவலகங்கள் இரண்டு. கொலை, கொள்ளை, போதைப்பொருள் போன்ற மாநிலச் சட்டக் குற்றங்களைக் கவனிப்பது சிகாகோ அடங்கிய குக் கவுன்டி என்ற மாவட்டத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகம். அதன் தலைவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 22 ஆண்டுகள் சிகாகோ மேயராக இருந்த ரிச்சர்ட் எம். டேலி அந்த வழியாக வந்தவர்: 1980இல் கவுன்டி வழக்கறிஞர் தேர்தலில் வென்றார், 1989இல் மேயரானார்.

லைட்ஃபுட் வேலை பார்த்தது இன்னொரு அலுவலகத்தில். வாஷிங்டன் நீதித்துறையின் கீழ் வரும் வட இல்லினாய் மாவட்டக் கூட்டாட்சி வழக்கறிஞர் அலுவலகம் அது. அங்கே 1996 முதல் 2002 வரை உதவி வழக்கறிஞராக இருந்தார். அது சம்பளத்துக்குப் பார்க்கும் பணி. பிரசாரம், கட்சிக் கூட்டம், வார்டுத் தொண்டர் எதுவும் கிடையாது. வாக்குச்சீட்டில் பெயரும் வராது. டேலிக்கு வழக்கறிஞர் பதவியோடு ஒரு தேர்தல் படையும் சேர்ந்தே கிடைத்தது. லைட்ஃபுட்டுக்குக் கிடைத்தவை வழக்கு அனுபவமும் நற்பெயரும் மட்டும்.

அவர் நடத்திய வழக்குகளில் எது பேசப்படுகிறது?

‘சில்வர் ஷவல்’ எனப்பட்ட எஃப்பிஐ நடவடிக்கையில் சிக்கிய ஆல்டர்மேன் வர்ஜில் ஜோன்ஸ் மீதான வழக்கு. சிகாகோவில் மாநகரமன்ற உறுப்பினருக்கு ‘ஆல்டர்மேன்’ என்று பெயர்.

பின்னணி இது. ஜான் கிறிஸ்டோபர் என்ற ஒப்பந்ததாரர் இடித்த கட்டடக் கழிவுகளை கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கரும் வாழும் பகுதிகளில் சட்டவிரோதமாகக் கொட்டிவந்தார். வடக்கு லான்டேல் போன்ற இடங்களில் வீடுகளுக்குப் பக்கத்திலேயே கழிவு மலைபோல் குவிந்தது. கண்டுகொள்ளாமல் இருக்க ஆல்டர்மேன்களுக்குப் பணம் கைமாறியது. பிறகு கிறிஸ்டோபர் எஃப்பிஐயின் ஆளாக மாறி, அந்தப் பேரங்களை ரகசியமாகப் பதிவுசெய்து கொடுத்தார். 1996 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தது. பதவியில் இருந்தவர்களும் முன்னாள்களுமாக 6 ஆல்டர்மேன்கள் தண்டனை பெற்றார்கள். ஜோன்ஸும் அவர்களில் ஒருவர்.

ஒரு வார்டின் மேல் உறுப்பினருக்கு இருக்கும் பிடி எப்படிக் காசாகிறது என்பதை ஒலிநாடாவில் கேட்டு, சாட்சியாக நீதிமன்றத்தில் வைத்தவர் லைட்ஃபுட். பின்னாளில் மேயராக அவர் போட்ட முதல் உத்தரவு அந்தப் பிடியைக் குறிவைத்தது தற்செயல் அல்ல.

2002இல் வழக்கறிஞர் பணியை விட்டபின் 2018 வரை என்ன செய்தார்?

முதலில் சிகாகோ காவல்துறைக்குள் இருந்த தொழில்முறை ஒழுங்கு அலுவலகத்தின் தலைவர். காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரிவு அது. பிறகு நகரின் அவசரகால மேலாண்மைத் துறை, கொள்முதல் துறை. இவை எல்லாம் டேலி ஆட்சியில். அதன்பின் மேயர் பிரவுன் என்ற பெரிய சட்ட நிறுவனத்தில் பங்குதாரர். 2015இல் அப்போதைய மேயர் ராம் இமானுவேல் அவரை, காவலர்கள் மீதான ஒழுங்கு வழக்குகளில் முடிவெடுக்கும் காவல் வாரியத்தின் தலைவராக நியமித்தார்.

லக்குவான் மெக்டொனால்ட் சம்பவத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

அவரை ஊரறியச் செய்தது அந்தச் சம்பவத்தின் பின்விளைவுதான். 2014 அக்டோபர் 20 இரவு, ஜேசன் வான் டைக் என்ற காவலர் 17 வயது லக்குவான் மெக்டொனால்டை 16 முறை சுட்டுக் கொன்றார். காவல் வாகனக் கேமரா பதிவு ஓராண்டுக்கும் மேல் வெளிவரவில்லை. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2015 நவம்பர் 24 அன்று வெளியிட்டார்கள். பையன் விலகி நடந்துபோவது அதில் தெளிவாகத் தெரிந்தது. காவலர்கள் எழுதிய அறிக்கைகள் வேறு கதை சொல்லியிருந்தன.

நகரம் கொந்தளித்தது. இமானுவேல் காவல் பொறுப்புடைமைக் குழு ஒன்றை அமைத்து லைட்ஃபுட்டைத் தலைவராக்கினார். 2016 ஏப்ரலில் வந்த அறிக்கை, தன்னை நியமித்தவரையே சங்கடப்படுத்தும் அளவுக்கு நேரடியாக இருந்தது. வெள்ளையரல்லாதவர்களின் உயிரைக் காவல்துறை மதிப்பதில்லை என்று மக்கள் நம்புவதற்கு ஆதாரமாக, காவல்துறையின் சொந்தத் தரவுகளையே எடுத்து வைத்தது.

2018 மே மாதம் காவல் வாரியத்திலிருந்து விலகி மேயர் போட்டியை அறிவித்தார். அப்போது இமானுவேல் மூன்றாம் முறை நிற்பதாகவே இருந்தது. செப்டம்பர் 4 அன்று, வான் டைக் வழக்கில் ஜூரி தேர்வு தொடங்குவதற்கு முதல் நாள், போட்டியிடப்போவதில்லை என்று இமானுவேல் அறிவித்தார். களம் திறந்துகொண்டது.

சிகாகோ மேயர் தேர்தலில் நிற்க என்னென்ன வேண்டும்?

வாக்காளர் பட்டியலில் பெயர், நகரில் ஓராண்டு வசிப்பு, மாநகராட்சிக்கு வரி, அபராதப் பாக்கி இல்லாமை. இவை எளிது. ஆளைக் கவிழ்ப்பது கையெழுத்து.

மேயர் வேட்பாளர் 12,500 வாக்காளர்களின் செல்லத்தக்க கையெழுத்துகளைத் தாளில், மையில் வாங்க வேண்டும். அவகாசம் ஆகஸ்ட் இறுதியிலிருந்து நவம்பர் இறுதி வரை, ஏறக்குறைய 90 நாள். ஒரு வாக்காளர் ஒரு மேயர் வேட்பாளருக்குத்தான் கையெழுத்திடலாம். ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து சேகரித்தவர் உறுதிமொழியிட்டு, நோட்டரி முத்திரை பெற வேண்டும். தாள்களை வரிசையாக எண்ணிட்டு ஒன்றாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். வேட்பாளர் உறுதிமொழியும் சொத்து விவர அறிக்கை தந்ததற்கான ரசீதும் உடன் இருக்க வேண்டும்.

தாக்கல் செய்தபின் எதிரணியினர் ஆட்சேபணை கொடுக்கலாம். கொடுத்தால் வரிவரியாகச் சரிபார்ப்பு நடக்கும். தேர்தல் வாரிய ஊழியர் கணினித் திரையில் பதிவேட்டுக் கையெழுத்தை வரவழைப்பார். இரு தரப்பு ஆட்களும் அருகில் இருந்து தாளில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள். முகவரி மாறினால், ஒரே வீட்டில் ஒருவரே இரண்டு பேருக்குப் போட்டிருந்தால், பெயரை அச்செழுத்தில் எழுதிப் பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த வரி போகும். நோட்டரி முத்திரை விட்டுப்போயிருந்தால் தாளே போகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் தேவையைப் போல் இரண்டு மூன்று மடங்கு வாங்கிக் கொடுப்பார்கள். பணபலம் இல்லாத வேட்பாளருக்கு இந்தச் சரிபார்ப்புக்கு வழக்கறிஞர் வைப்பதே பெரிய செலவு.

2019 தேர்தலுக்கு 20க்கும் மேற்பட்டோர் மனு கொடுத்தார்கள். வாக்குச்சீட்டில் மிஞ்சியது 14 பேர். லைட்ஃபுட் மனுவுக்கும், குக் கவுன்டி வாரியத் தலைவரும் போட்டி வேட்பாளருமான டோனி பிரெக்விங்கிள் தரப்பு ஆட்சேபணை கொடுத்துப் பிறகு திரும்பப் பெற்றது.

வெறும் 17.5 சதவீத வாக்கு எப்படி முதலிடம் தந்தது?

சிகாகோவில் மேயர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கும். பாதிக்கு மேல் வாக்கு யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவர் இறுதிச் சுற்றில் மோதுவார்கள். 14 பேர் நிற்கும்போது வாக்கு சிதறும். இரண்டாம் இடத்துக்குள் வந்துவிட்டால் போதும். 2019 பிப்ரவரி 26 முடிவு: லைட்ஃபுட் 17.5%, பிரெக்விங்கிள் 16%, முன்னாள் மேயரின் தம்பி பில் டேலி 14.8%.

ஆனால் கணக்கு மட்டும் காரணமல்ல, எட் பர்க் விவகாரமும் காரணம். 1969 முதல் ஆல்டர்மேன், நிதிக்குழுத் தலைவர், மன்றத்தின் மிக வலுவான மனிதர். 2018 நவம்பர் 29 அன்று எஃப்பிஐ அவருடைய அலுவலகத்துக்குள் புகுந்து, கண்ணாடிக் கதவுகளைப் பழுப்புக் காகிதத்தால் மறைத்துவிட்டுச் சோதனை போட்டது. 2019 ஜனவரியில் குற்றச்சாட்டு வெளியானது: தன் வார்டில் இருந்த ஒரு பர்கர் கிங் கடையின் புதுப்பிப்பு அனுமதியை இழுத்தடித்து, கடை உரிமையாளர் தன் சொத்துவரிச் சட்ட நிறுவனத்துக்கு வேலை தர வேண்டும் என்று நெருக்கினார் என்பது. (2023 டிசம்பரில் ஜூரி அவரை 13 பிரிவுகளில் குற்றவாளி என்றது.)

முன்னணியில் இருந்த மற்ற வேட்பாளர்கள் பலருக்கும் பர்க்கோடு ஏதாவது பழைய உறவு இருந்தது. பிரெக்விங்கிளுக்கு நிதி திரட்ட பர்க் தன் வீட்டிலேயே நிகழ்ச்சி நடத்தியிருந்தார். அவர் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆல்டர்மேனைச் சிறைக்கு அனுப்பிய வழக்கறிஞர் என்று சொல்லிக்கொள்ள முடிந்தவர் லைட்ஃபுட் ஒருவர்தான். ‘வெளிச்சத்தைக் கொண்டுவாருங்கள்’ என்ற அவருடைய முழக்கத்துக்கு அந்த ஜனவரியில் பொருள் வந்தது. பர்க் சோதனை நடக்காதிருந்தால் அவர் முதல் இருவருக்குள் வந்திருக்க மாட்டார் என்பது எங்கள் கணிப்பு.

இறுதிச் சுற்றில் என்ன ஆனது?

2019 ஏப்ரல் 2. லைட்ஃபுட்டுக்கு 73 சதவீதத்துக்கு மேல். 50 வார்டுகளிலும் வென்றார்.

முன்னாள் வழக்கறிஞர் என்பதற்கு எதிர்ப்பே இல்லையா?

இருந்தது, அதுவும் இடதுசாரி இளைஞர்களிடமிருந்து. ஆட்களைச் சிறைக்கு அனுப்பும் அலுவலகத்திலும் காவல் வாரியத்திலும் இருந்தவர் எப்படிச் சீர்திருத்தவாதியாவார் என்று கேட்டார்கள். ஆசிரியர் சங்கம் பிரெக்விங்கிளை ஆதரித்தது. 2019இல் வெற்றி பெரிதாக இருந்ததால் இந்தப் பிளவு மறைந்திருந்தது.

சிகாகோ மேயருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம்?

சட்டப் புத்தகத்தின்படி மன்றம்தான் பெரியது. 50 உறுப்பினர்கள். சட்டமோ பட்ஜெட்டோ நிறைவேற 26 வாக்குகள். மேயர் மறுப்பாணை போட்டால் அதைத் தாண்ட 34 வேண்டும். மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது மேயர். பொதுவாக வாக்குகள் சமமானால்தான் அவர் வாக்களிப்பார்.

நடைமுறையில் மேயர்தான் மன்றத்தை ஆட்டிவைத்தார். குழுத் தலைவர்களை அவர் கைகாட்டுவார், துறைத் தலைவர்களை அவர் நியமிப்பார், வார்டுக்குச் சாலையும் பூங்காவும் வருவது அவர் கையில். இந்தப் பிடிக்கு ஒரு விலை இருந்தது: அவரவர் வார்டில் ஆல்டர்மேன் வைத்ததுதான் சட்டம் என்று விட்டுவிட வேண்டும். இந்த எழுதாத ஒப்பந்தம் தெரியாமல் லைட்ஃபுட்டின் நான்கு ஆண்டுகள் புரியாது.

பதவியேற்ற அன்றே போட்ட ஆணை எது? அது வேலை செய்ததா?

‘ஆல்டர்மேன் சிறப்புரிமை’ எனப்படும் அந்த வழக்கத்தை முடிக்கும் நிர்வாக ஆணை. வார்டில் எந்த உரிமம், அனுமதி என்றாலும் அந்த ஆல்டர்மேன் தலையாட்டினால்தான் நகரும் என்பதுதான் வழக்கம். சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களில் இனி ஆல்டர்மேனின் விருப்பத்துக்காகத் துறைகள் எதையும் நிறுத்தக் கூடாது என்றது ஆணை.

விண்ட்ரஸ்ட் அரங்கில் பதவியேற்பு உரை. ஆல்டர்மேன்கள் மேடையில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். சீர்திருத்தம் வந்தாயிற்று என்று சொன்ன இடத்தில் கூட்டம் எழுந்து கைதட்டியது. அவர் திரும்பி, பின்னால் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தார். அரங்கத்துக்கு அது மகிழ்ச்சி. அடுத்த நான்கு ஆண்டும் வாக்குப் போட வேண்டியவர்களோ அங்கே பின்வரிசையில் இருந்தவர்கள்.

ஆணை பாதி வேலை செய்தது. உரிமங்கள், சாதாரண அனுமதிகள் ஆல்டர்மேன் கையை விட்டுப் போயின. நில வகைமாற்றம், அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை மாற்றுவது, போகவில்லை. அது மன்ற வாக்கெடுப்பில் முடிவாகும் விஷயம், மேயர் ஆணை அதைத் தொடாது. நடைபாதைக்கு மேலே நீளும் கடை நிழற்கூரைக்குக்கூட மன்றத்தில் சட்டம் வர வேண்டும். ஒருவர் வார்டு விவகாரத்தில் மற்ற 49 பேரும் அவர் சொன்னபடி வாக்களிக்கும் பழக்கத்தை ஆணையால் மாற்ற முடியாது. அதற்கு அந்த 49 பேரில் 26 பேரைப் பேசி இழுக்க வேண்டும்.

பர்க்கோடு மன்றத்திலேயே மோதினாரே?

ஆமாம், 2019 மே 29, அவருடைய முதல் மன்றக் கூட்டம். பர்க் எழுந்து, மன்ற விதிகள் ஆண்பாலிலேயே எழுதப்பட்டிருப்பதாக ஆட்சேபித்தார். தலைமை இருக்கையில் இருந்த லைட்ஃபுட் இடைமறித்து அவரை உட்கார வைத்தார். சாட்சிக் கூண்டில் நிற்பவரைக் கையாளும் தொனி.

ஜூலையில் நெறிமுறைச் சட்டம் நிறைவேறியது. நகரத்தின் நலனோடு மோதும் வெளி வேலைகளை ஆல்டர்மேன்கள் பார்க்கக் கூடாது, அபராதம் உயர்வு, மன்றக் குழுக்களைத் தணிக்கை செய்ய தலைமை ஆய்வாளருக்கு அதிகாரம். பர்க் போல் சொத்துவரி முறையீட்டு வழக்குகளில் சம்பாதிக்கும் வழி அடைபட்டது. அவர் ஆட்சியின் உறுதியான சாதனை என்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நூலக அபராதங்களை அதே ஆண்டு அக்டோபரில் முழுமையாக நீக்கியதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் வேலைநிறுத்தம் ஏன் அவ்வளவு நீண்டது?

2019 அக்டோபர் 17 தொடங்கி 31 வரை, 11 பள்ளி நாட்கள். 5 ஆண்டுகளுக்கு 16% சம்பள உயர்வை லைட்ஃபுட் ஆரம்பத்திலேயே தந்துவிட்டார். சங்கம் சம்பளத்துக்காக மட்டும் நிற்கவில்லை: வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பள்ளிக்கு ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர் என்பவை ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வேண்டும் என்றது. வாக்குறுதியாகத் தருகிறேன், எழுத்தில் தேவையில்லை என்ற நிலையில் அவர் ஆரம்பத்தில் இருந்தார். கடைசியில் எழுத்தில்தான் முடிந்தது. தவறவிட்ட நாட்களில் 5 நாட்களை ஈடுசெய்ய ஒப்புக்கொண்டார்கள். சங்கத்தின் அமைப்பாளர்களில் ஒருவரான பிராண்டன் ஜான்சன்தான் பின்னாளில் அவர் இடத்துக்கு வந்தவர்.

காவல் சீர்திருத்த வாக்குறுதி என்ன ஆனது?

100 நாளில் குடிமக்கள் மேற்பார்வை அமைப்பு என்றார். மன்றத்தில் நிறைவேறியது 2021 ஜூலையில். 7 பேர் ஆணையம், 22 காவல் மாவட்டங்களுக்கும் தலா 3 பேர் கொண்ட மாவட்டக் குழுக்கள், மாவட்டக் குழுவினரைத் தேர்ந்தெடுப்பது மக்கள். நல்ல அமைப்பு. ஆனால் காவல் கொள்கையில் இறுதிச் சொல் யாருடையது என்ற இழுபறியில் இரண்டு ஆண்டு போனது. அந்த இடைவெளியில் அவருடைய ஆதரவாளர்களே நம்பிக்கை இழந்தார்கள்.

அதைவிட ஆழமாகக் காயப்படுத்தியது ஒரு காணொளி. 2019 பிப்ரவரியில், இமானுவேல் காலத்தில், காவலர்கள் தவறான வீட்டுக்குள் கதவை உடைத்துப் புகுந்தார்கள். அங்கிருந்த சமூகப் பணியாளரான பெண்ணை உடையின்றி நிற்கவைத்து விலங்கு மாட்டினார்கள். தவறான வீடு என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 2020 டிசம்பரில் தொலைக்காட்சி அதை ஒளிபரப்ப முயன்றபோது நகரத்தின் சட்டத்துறை நீதிமன்றம் போய்த் தடுக்கப் பார்த்தது. தனக்கு இப்போதுதான் தெரியும் என்றார் லைட்ஃபுட். 2019 நவம்பரிலேயே அவருக்குத் தகவல் போயிருந்ததை மின்னஞ்சல்கள் காட்டின. மன்னிப்புக் கேட்டார், தலைமைச் சட்ட அதிகாரி விலகினார், நகரம் 29 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது. மெக்டொனால்ட் பதிவை மறைத்த கோபத்தில் மேலே வந்தவர் ஆட்சியில் இது நடந்தது. மக்கள் மறக்கவில்லை.

பட்ஜெட் வாக்குகள் ஏன் முக்கியமாகச் சொல்லப்படுகின்றன?

மன்றத்தில் அவர் செல்வாக்கை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. 2020க்கான பட்ஜெட்டில் பற்றாக்குறை 83.8 கோடி டாலர். 39க்கு 11 என்று நிறைவேறியது. கோவிட்டுக்குப் பிறகு 2021க்கான பற்றாக்குறை 120 கோடி டாலர். 9.4 கோடி டாலர் சொத்துவரி உயர்வு, இனி ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஏற்பாடு. 29க்கு 21. தேவையைவிட மூன்றே வாக்கு அதிகம். ஆதரிக்காதவர்களின் வார்டுகளுக்கு மூலதனப் பணிகளில் முன்னுரிமை இருக்காது என்று அவர் எச்சரித்தது அப்போது செய்தியானது. பழைய பேர அரசியலை எதிர்த்து வந்தவர், அதன் கடைசிக் கருவியை எடுக்க நேர்ந்தது.

2023இல் ஏன் தோற்றார்?

2023 பிப்ரவரி 28, 9 வேட்பாளர்கள். பால் வாலஸ் 32.9%, பிராண்டன் ஜான்சன் 21.6%, லைட்ஃபுட் 16.8%. இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. தேர்தலில் வென்று வந்த சிகாகோ மேயர் மறுதேர்தலில் தோற்றது 1983இல் ஜேன் பர்னுக்குப் பிறகு இதுவே முதல் முறை.

குற்றம் பெரிய காரணம். 2021இல் கொலைகள் சுமார் 800, கால் நூற்றாண்டில் மிக அதிகம். ஒழுங்கு வேண்டும் என்றவர்கள் காவல் சங்க ஆதரவு பெற்ற வாலஸிடம் போனார்கள். சீர்திருத்தம் போதவில்லை என்றவர்கள் ஜான்சனிடம் போனார்கள். 2019இல் அவரைத் தூக்கிவிட்ட வடக்கு ஏரிக்கரை வார்டுகள் கைவிட்டன. தெற்கிலும் மேற்கிலும் கறுப்பின மக்கள் மிகுந்த பல வார்டுகள் அவரோடு நின்றன, ஆனால் எண்ணிக்கை போதவில்லை. தேர்தல் நேரத்தில் மாணவர்களைப் பிரசார வேலைக்குச் சேர்த்துவிடும்படி அவருடைய பிரசாரக் குழு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியதும், நெறிமுறை பேசி வந்தவருக்குக் கெட்ட பெயரானது.

வழக்கில் உண்மையை நிறுவினால் தீர்ப்பு வரும், எதிர்த்தரப்பை அடுத்த நாள் பார்க்க வேண்டியதில்லை. மன்றத்தில் இன்று எதிர்த்தவரிடம்தான் நாளை வாக்குக் கேட்க வேண்டும். கொள்கையில் பெரும்பாலும் சரியான பக்கம் நின்ற லைட்ஃபுட்டுக்கு இந்த இரண்டாவது வேலை வசப்படவில்லை என்பதே எங்கள் பார்வை.

வேறு எந்த முன்னாள் வழக்கறிஞர்கள் மேயரானார்கள்?

நியூயார்க்கின் ரூடி ஜூலியானி: கூட்டாட்சி வழக்கறிஞர், 1989இல் தோற்று 1993இல் வென்றார். பிலடெல்பியாவின் எட் ரெண்டல்: மாவட்ட வழக்கறிஞர், 1987 மேயர் முயற்சியில் தோற்று 1992இல் மேயரானார். இருவரும் தோல்விக்குப் பிறகு கூட்டணி கட்டக் கற்றுக்கொள்ள அவகாசம் பெற்றவர்கள். லைட்ஃபுட்டுக்கு அது கிடைக்கவில்லை.

பதவிக்குப் பின் என்ன செய்தார்?

ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியில் சிறிது காலம் கற்பித்தார். 2024 ஏப்ரலில், சிகாகோவுக்குத் தெற்கே உள்ள டால்டன் ஊராட்சியின் உறுப்பினர்கள், தங்கள் மேயர் டிஃபனி ஹென்யார்டின் செலவுகளை விசாரிக்க லைட்ஃபுட்டை அமர்த்தினார்கள். கட்டணம் மணிக்கு 400 டாலர். கடன் அட்டைச் செலவுகள், வங்கிக் கணக்குகள், கொடுபடாத பட்டியல்கள் என்று ஆவணம் ஆவணமாகப் பார்த்து 2025 ஜனவரியில் அறிக்கையை ஊர்க் கூட்டத்தில் வாசித்தார். அடுத்த மாதம், கட்சியின் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த முதல்கட்டத் தேர்தலில் ஹென்யார்ட் தோற்றார்.